கறுத்துப்போய் மூலையில் நிற்கிறதே! மீன் தொட்டி கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, தட்டு மாதிரி வட்டமாகத் தட்டையாக இருக்கும் டிஸ்கஸ் மீன் பற்றியவை. அதிலும் பெரும்பாலானவற்றில் ஒரே புலம்பல்தான்: வாங்கும்போது ஜொலித்த மீன், வீட்டுத் தொட்டியில் விட்டதும் வேறு மீனாகிவிட்டது. அதனால் இந்த முறை டிஸ்கஸ் மட்டும். கப்பி, கோல்ட்ஃபிஷ் வைத்திருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், என்னுடையது 300 லிட்டர் தொட்டி. கார்டினல் டெட்ரா கூட்டம், கொஞ்சம் கோரிடோரஸ், ஒரு ஜோடி ஏஞ்சல் நன்றாக இருக்கின்றன. மூன்று நாள் முன்பு உள்ளங்கை அகல டிஸ்கஸ் நான்கு வாங்கி விட்டேன். நீலமும் சிவப்புமாக இருந்தவை இங்கே கறுத்துப்போய், உடம்பெல்லாம் பட்டை பட்டையாக, ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கின்றன. ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "எல்லா நோய்க்கும் இது போதும்" என்று ஒரு மருந்து பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: முதலில் அந்த பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து மனிதர்களுக்கே இல்லை.

மூன்று நாள் என்பது டிஸ்கஸ் கணக்கில் ஒன்றுமே இல்லை. நீங்கள் பார்த்த பட்டைகளும் நோய் அல்ல. டிஸ்கஸின் உடம்பில் மேலிருந்து கீழாக ஓடும் செங்குத்துப் பட்டைகள், பெரும்பாலான வகைகளில் ஒன்பது, பிறப்பிலேயே உண்டு. மீன் நிம்மதியாக இருந்தால் மங்கிவிடும், பயந்தால் சில நிமிடங்களிலேயே கறுத்து வெளியே வரும். அமேசான் ஆற்றுப் படுகையில் இதன் சொந்த இடம் தண்ணீரில் மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே. கிளைகளின் நிழலுக்குள் இந்தப் பட்டைகளோடு அசையாமல் நின்றால் எதிரிக்கு மீன் இருப்பதே தெரியாது. உங்கள் தொட்டியில் கிளைக்குப் பதிலாக ஹீட்டர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பயமா நோயா என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் பயத்துக்குக் காரணமே நீங்கள்தான். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து வீடியோ ஓடவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆளில்லாத நேரத்தில் ஒன்றிரண்டு மீனாவது மூலையை விட்டு வந்து, மணலைக் கொஞ்சம் ஊதிப் பார்த்து, ஒன்றையொன்று முட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் கதவைத் திறந்ததும் மறுபடி ஓடி ஒளிந்தால் அது பயம். விட்டுவிடுங்கள்.

யாருமே இல்லாதபோதும் அசையாமல் நிற்கிறதா? அப்போது செவுளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சீராகத் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கச் செவுள் ஒட்டிப்போய் மறு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் செவுள் புழுவாக இருக்கலாம். கட்டையிலும் மணலிலும் உடம்பைத் தேய்க்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூல் மாதிரி வெள்ளையாகக் கழிவு தொங்கினால் குடலில் பிரச்சினை. உடம்பின் மேல் சளிப் படலம் திரைந்து, துடுப்புகள் ஓரத்தில் கிழிந்து, பழைய மீன், புது மீன் என்று எல்லாம் ஒரே இடத்தில் தலை கவிழ்ந்து நின்றால்தான் நிஜமாகவே அலற வேண்டும். அது 'டிஸ்கஸ் பிளேக்' என்று சொல்லப்படும் தொற்று, தொட்டி முழுவதையும் சுருட்டிவிடும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வெப்பநிலை 28-க்கும் 30-க்கும் நடுவில் இருக்கட்டும். பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடிகளும் வெளியே காகிதம் ஒட்டி மறையுங்கள். நாலா பக்கமும் நடமாட்டம் தெரிகிற தொட்டியில் டிஸ்கஸுக்கு முதுகு காட்ட இடமே இல்லை. ஹீட்டருக்குப் பதில் ஒளிந்துகொள்ள ஒரு உயரமான மரக்கட்டையை நட்டமாக வையுங்கள். விளக்கை இன்னும் இரண்டு நாள் போடாதீர்கள், அப்புறம் தினம் ஒரு சில மணி நேரம் மங்கலாகப் போட்டால் போதும். இதற்கு மேல் கையை உள்ளே விடாதீர்கள். மண்ணில் கிடக்கும் அழுக்கை ட்யூபால் உறிஞ்சி சைஃபன் பண்ணுவது, செடியை மாற்றி நடுவது, "சும்மா ஒரு தடவை" ஃபில்டரைக் கழுவுவது எல்லாம் ஒரு வாரத்துக்கு நிற்கட்டும். புது டிஸ்கஸ் செத்துப்போன கதைகளை நான் விசாரித்த அளவில், ஒன்றும் செய்யாமல் விட்டதால் செத்ததைவிட அக்கறையில் தினம் ஏதோ ஒன்று செய்ததால் செத்ததுதான் அதிகம்.

உண்மையான சிக்கல் உங்கள் ஏஞ்சல் ஜோடி. அதுவும் சிக்லிட் குடும்பம்தான், அதே அமேசான்தான், ஆனால் குணம் வேறு. சாப்பாட்டில் முந்திக்கொள்ளும். முட்டை வைத்துவிட்டால் பாதித் தொட்டி தன்னுடையது என்று சொல்லும். தனக்கு ஒன்றும் ஆகாமல் டிஸ்கஸைப் படுக்க வைக்கும் ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டும் இருக்கலாம். சேர்த்து வைத்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் என் தொட்டியில் வைக்க மாட்டேன். வேறு தொட்டி இருந்தால் ஜோடியை அங்கே மாற்றுங்கள். நான்கு டிஸ்கஸ் என்பதும் குறைவுதான், ஆறு இருந்தால் நல்லது. அதற்காக நாளைக்கே ஓடிப் போய் இன்னும் இரண்டு வாங்கி வந்துவிடாதீர்கள்!

கேள்வி: எட்டு மணி நேரப் பயணத்தில் டிஸ்கஸ் வரப்போகிறது. பையைத் திறந்து வைத்து, ட்யூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீர் விட வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொருவர் அது தப்பு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: பக்கத்திலிருந்து அரை மணி நேரத்தில் எடுத்து வந்த மீன் என்றால் முதல் நண்பர் சொல்வது சரி. எட்டு மணி நேரம் கட்டிய பைக்குள் இருந்த மீன் என்றால் இரண்டாம் நண்பர் பக்கம் நான்.

காரணம் இதுதான். பைக்குள் மீன் மூச்சு விட்டு விட்டு கார்பன் டை ஆக்சைடு சேரும், அதனால் தண்ணீரின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவு, இறங்கும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேரும். பி.ஹெச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற அதிகம் கெடுக்காத வடிவத்தில் கிடக்கும். நீங்கள் பையைத் திறந்த நிமிடம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பி.ஹெச். ஏறுகிறது, அம்மோனியம் நிஜ விஷமான அம்மோனியாவாக மாறத் தொடங்குகிறது. பி.ஹெச். ஒரு எண் ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அந்தத் தண்ணீரிலேயே மீனை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

எனவே, கட்டிய பையைத் திறக்காமல் தொட்டியில் 20 நிமிடம் மிதக்க விடுங்கள், வெப்பநிலை சமமாகட்டும். அறையில் வெளிச்சம் வேண்டாம். பிறகு பையைக் கத்தரித்து, அடியில் ஒரு வாளி வைத்து, மீனை ஈரக் கையாலோ மெல்லிய வலையாலோ எடுத்து நேரே தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது.

அப்படியானால் இரண்டு தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் மீனை அடிக்காதா என்று கேட்பீர்கள். அடிக்கும். அதனால்தான் மீன் கிளம்புவதற்கு முன்பே விற்பவரிடம் அவர் தண்ணீரின் பி.ஹெச். என்ன, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) என்ன என்று கேட்டு வாங்கி, புது மீனைச் சில வாரம் பிரித்து வைக்கும் உங்கள் தனித் தொட்டியின் தண்ணீரை அதற்கு நெருக்கமாக முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். உங்கள் வழக்கமான தண்ணீருக்கு அடுத்தடுத்த வாரங்களில் மெதுவாக மாற்றிக்கொள்ளலாம். பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்த டிஸ்கஸ், பி.ஹெச். 7-க்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் சமாளித்துவிடும். ஆனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆடும் தண்ணீரைச் சமாளிக்காது. 6.5 வேண்டும் என்று தினம் ஏதாவது திரவம் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: தனித் தொட்டி, தனித் தொட்டி என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு தொட்டிக்கே இடமில்லை. நல்ல ஆளிடம்தான் மீன் வாங்குகிறேன். நேரே விடக் கூடாதா?

பதில்: கூடாது. நல்ல ஆளிடம் வாங்கினாலும் கூடாது. அவர் மீன் அவருடைய தொட்டிக் கிருமிக்குப் பழகியது, உங்கள் மீன் உங்களுடையதற்கு. இரண்டும் தனித்தனியே ஆரோக்கியமாக இருந்து, சேர்த்ததும் இரண்டும் படுத்துவிடுவது டிஸ்கஸில் வழக்கமாக நடப்பது.

இடம் பற்றிச் சொன்னால், கண்ணாடித் தொட்டியேதான் வேண்டும் என்பதில்லை. சோப்பு படாத புது பிளாஸ்டிக் டப், மூடியோடு, 80 அல்லது 100 லிட்டர் கொள்ளளவு இருந்தால் இரண்டு மூன்று இளம் மீனுக்குப் போதும். அடியில் மணல் வேண்டாம், என்ன கழிகிறது என்று தெரிய வேண்டும். ஹீட்டர் ஒன்று. ஒளிய ஒரு பி.வி.சி. குழாய். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஒரு மாதத்துக்கு முன்பே பெரிய தொட்டியில் ஓடவிட்டு வைத்திருந்தால் நல்ல பாக்டீரியா அதில் தயாராக இருக்கும், எடுத்து இங்கே போட்டால் போதும். வலை, வாளி, சைஃபன் ட்யூப் எல்லாம் இதற்கெனத் தனியாக. ஈரக் கையோடு இங்கிருந்து அங்கே போகாதீர்கள்.

புது மீன் இதில் நான்கு முதல் ஆறு வாரம் இருக்கட்டும். கடைசி இரண்டு வாரம் உங்கள் பழைய மீனில் ஒன்றைப் புது மீன்களோடு விட்டுப் பாருங்கள். என்னிடம் இதற்கென்றே ஒரு கிழட்டு டிஸ்கஸ் இருக்கிறது. அழகு என்று ஒன்றும் கிடையாது, ஒரு கண்ணும் மங்கல், ஆனால் யார் வந்தாலும் முதல் ஆளாகச் சாப்பாட்டுக்கு வந்து நிற்கும். பார்த்துப் பார்த்துப் புதியவையும் வரும். அது சுகமாக இருந்தால் மற்றதும் சுகம் என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: அண்ணா, என் தொட்டியில் நியான் டெட்ரா, டைகர் பார்ப், ஒரு பெரிய ப்ளீக்கோ இருக்கு. வெப்பநிலை 25. டிஸ்கஸுக்கு 29 வேணும்னு சொல்றாங்க. நடுவில் 27 வச்சா ரெண்டு பேரும் ஒத்துப்பாங்களா?

பதில்: ஒத்துக்க மாட்டார்கள் தம்பி. 27-இல் டிஸ்கஸ் மந்தமாகி, சாப்பாடு குறைந்து, நோய்க்கு வாசல் திறக்கும். நியானுக்கோ அதுவே சூடு. பஞ்சாயத்து பேச வேண்டிய விஷயமில்லை இது. யாருக்கான தொட்டி என்று முதலில் முடிவு செய்.

டிஸ்கஸுக்கு என்றால் நியானுக்குப் பதில் கார்டினல். பார்க்க இரட்டைப் பிறவி, ஆனால் கார்டினல், அமேசானின் துணை நதியான ரியோ நீக்ரோ பக்கத்துச் சூடான தண்ணீரில் பிறந்தது, 29-ஐத் தாங்கும். ரம்மி நோஸ் டெட்ராவும் தாங்கும். அடியில் மேய ஸ்டெர்பாய் கோரிடோரஸ். டைகர் பார்ப்பை இன்றைக்கே வேறு வீடு பார்த்து அனுப்பு, டிஸ்கஸின் நீண்ட துடுப்பு அதற்கு விளையாட்டுப் பொருள். பெரிய ப்ளீக்கோவும் வேண்டாம். இரவில் அசையாமல் தூங்கும் டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சளியை உறிஞ்சப் பழகிவிட்டால் திருத்தவே முடியாது. பாசி தின்ன ஆள் வேண்டும் என்றால் பிரிசில்நோஸ் என்ற சின்ன ப்ளீக்கோ போதும்.

வெப்பநிலையை ஒரே ராத்திரியில் ஏற்றாதே, நாளுக்கு ஒரு டிகிரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும் என்பதால் ஏர் பம்ப் கட்டாயம், மேல்மட்டம் அசைய வேண்டும். அதே நேரம் ஃபில்டர் வேகம் மீனைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சின்ன ஹீட்டர் போடு. ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும், ஒன்று அணையாமல் ஓடினாலும் தொட்டி கொதிக்காது.

கேள்வி: என்னிடம் ஐந்து டிஸ்கஸ் நல்ல நிலையில் இருந்தன. ஜோடி கணக்காக இருக்கட்டும் என்று ஒன்றை, தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்த்தேன். பெரிய மீன் அதை மேல் மூலையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. இறங்கினால் விரட்டுகிறது. புதியதைத் திரும்ப எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டியது புதியதை அல்ல, பெரியதை. டிஸ்கஸ் கூட்டத்தில் யார் முதல், யார் கடைசி என்ற வரிசை எப்போதும் உண்டு. சேர்ந்து வாழ்கிற ஐந்துக்கு நடுவில் தனியாக ஒன்று நுழைந்தால் அத்தனை பேர் கோபமும் அந்த ஒன்றின் மேல்தான். இரண்டோ மூன்றோ சேர்த்து விட்டிருந்தால் அடி பங்கு போட்டுப் போயிருக்கும்.

சரி, விட்டாகிவிட்டது. பெரியதைப் பிடித்து ஒரு வாரம் போல வேறு இடத்தில் வையுங்கள், இல்லையென்றால் அதே தொட்டியில் தடுப்பு போட்டு ஒரு ஓரமாக ஒதுக்குங்கள். அந்த இடைவெளியில் மரக்கட்டையையும் செடித் தொட்டிகளையும் இடம் மாற்றி வையுங்கள். மறுபடி அது வரும்போது 'இது என் இடம்' என்று சொல்ல எதுவும் பழைய இடத்தில் இருக்காது, அதுவும் புது ஆள்தான். சாப்பாட்டை ஒரே இடத்தில் போடாமல் தொட்டியின் இரண்டு முனையிலும் போடுங்கள்.

கொஞ்சம் விரட்டல் எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துப் பதறாதீர்கள். துடுப்பு கிழிந்து, இரண்டு மூன்று நாளாக ஒரு வாயும் எடுக்காமல் இருந்தால் மட்டும் தலையிடுங்கள்.

கேள்வி: பெரிய தொட்டிக்கு மாற்றி ஒரு வாரமாக டிஸ்கஸ் எதுவும் சாப்பிடவில்லை. பிளட் வார்ம் (உறைய வைத்து விற்கும் சிவப்புப் புழு) போட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் டெட்ராக்கள் தீர்த்துவிடுகின்றன.

பதில்: டிஸ்கஸ் சாப்பிடுவதை ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். நேரே பாய்ந்து கவ்வாது. அடியில் கிடப்பதைச் சாய்ந்து பார்க்கும், வாயால் ஒரு பீச்சு தண்ணீரை ஊதி மணலை விலக்கும், ஒரு புழுவை எடுக்கும், துப்பும், மறுபடி எடுக்கும். இந்தச் சடங்கு முடிவதற்குள் பத்து டெட்ரா வந்து போய்விடும்.

எனவே டெட்ராக்களுக்கு முதலில் மிதக்கும் உணவை ஒரு முனையில் போட்டு வயிற்றை நிரப்பிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, உருக வைத்து அலசிய பிளட் வார்மை நீளமான டிராப்பரில் எடுத்து, மறு முனையில் டிஸ்கஸின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அடியில் விடுங்கள். மூக்கு நுனியில் நீட்டாதீர்கள், பயந்துவிடும். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். போட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். 20 நிமிடத்தில் மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், 29 டிகிரியில் அது சீக்கிரம் அழுகும். முதல் நாள் எடுத்துத் துப்பினால்கூட நல்ல சேதிதான், பசி வந்துவிட்டது என்று அர்த்தம். சாப்பிடவில்லையே என்று தினம் ஒரு புது உணவு மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

தனித் தொட்டியில் இருந்தபோது எதைச் சாப்பிட்டதோ அதையே போடுங்கள். நன்றாக வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. நேர் எதிரே நின்று நெற்றியைப் பாருங்கள்: கண்ணுக்கு மேலே சதை உருண்டு இருக்க வேண்டும், கத்தி முனை மாதிரி ஒடுங்கியிருந்தால் மெலிகிறது. அதோடு வெள்ளை நூல் கழிவும் இருந்தால் குடல் ஒட்டுண்ணி. பிடித்துத் தனித் தொட்டிக்கு மாற்றி, மீன் வைத்தியம் தெரிந்தவரைக் கேட்டு மெட்ரோனிடசோல் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பெரிய தொட்டியில் கொட்ட வேண்டாம்.

கேள்வி: தினமும் பாதித் தண்ணீர் மாற்றினால் டிஸ்கஸ் சீக்கிரம் பழகும் என்கிறார்களே?

பதில்: குஞ்சு வளர்ப்பவர்கள் செய்வது அது. பல வகை மீன்கள் சேர்ந்து வாழும் கம்யூனிட்டி தொட்டிக்கு வாரம் இரண்டு மூன்று முறை, கால் பங்கு போதும். குளோரின் நீக்கிய தண்ணீர், அதே வெப்பநிலையில். விட்ட முதல் இரண்டு நாள் அதுவும் வேண்டாம், அம்மோனியா ஏறியிருந்தால் தவிர.

கேள்வி: நான் வாங்கியது பிஜியன் பிளட் வகை டிஸ்கஸ். பட்டையே வரவில்லை, அதனால் பயமில்லாமல் இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் முகத்திலும் துடுப்பு ஓரத்திலும் கறுப்புப் பொடி தூவியது போல வந்திருக்கிறது. பூஞ்சையா?

பதில்: பூஞ்சை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து வந்து பிரபலமான வகை இது, செங்குத்துப் பட்டை இதன் உடம்பில் வருவதே இல்லை. அதனால் பட்டையை வைத்து இதன் மனநிலையைக் கணிக்க முடியாது. துடுப்பு விரிந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, சாப்பிட வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கறுப்புப் பொடி இந்த வகைக்கே உரியது, 'பெப்பரிங்' என்பார்கள். சுற்றுப்புறம் இருட்டாக இருந்தால் அதிகமாகும். உங்கள் தொட்டியில் கறுப்பு மணலும் கறுப்புப் பின்திரையும் இருக்கும் என்று நினைக்கிறேன். பின்திரையை இளநீலமாகவோ வெள்ளையாகவோ மாற்றி, கறுப்பு மணலுக்குப் பதில் வெளிர் மணல் போடுங்கள். மணலை ஒரே நாளில் மாற்ற வேண்டாம், வாரம் கொஞ்சமாக எடுங்கள், மீன் பழகிக்கொண்டிருக்கும் நேரம் இது. பொடி குறையச் சில வாரம் ஆகும். பரம்பரையிலேயே அதிகம் உள்ள மீனாக இருந்தால் முழுக்கப் போகாது. அடுத்த முறை வாங்கும்போது வெள்ளைத் தொட்டியில் வைத்துக் காட்டினால், கறுப்புத் தொட்டியில் இது எப்படித் தெரியும் என்று விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.